சாட்சிகளின் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா?

 

அன்பார்ந்த வாலிபச் செல்வங்களே! கலைக் கல்லூரிகளிலும், பொறியியல், மருத்துவக் கல்லூரிகளிலும், அரபிக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவ மாணவியரே! இம்மாதம் நாம் உங்களோடுதான் பேச விரும்புகிறோம். பேச எடுத்துக் கொண்ட பொருள் தொழுகையோ நோன்போ அல்ல. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவது பற்றியது. மார்க்கப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சற்றே பொறுமையாகப் படியுங்கள். இது மார்க்கத்துக்கு வெளியே நிற்கும் விஷயமல்ல என்பது விளங்கும்.

பெயரெழுதப் பணித்த நாயகம்

ஸஹீஹுல் புகாரியில், இமாம் அவர்கள் "தலைவர் மக்களின் பெயர்களை எழுதுதல்" என்ற பொருளில் ஒரு பாடத்தையே அமைத்திருக்கிறார்கள். ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அதில் இடம் பெற்றுள்ளது. இஸ்லாத்தை ஏற்றுக் கொண்டதாகச் சொல்லும் மக்களின் பெயர்களைத் தமக்காக எழுதித் தருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸஹாபாக்கள் எழுதினார்கள், ஆயிரத்து ஐந்நூறு ஆண்களின் பெயர்கள் தேறின.

எண்ணிப் பாருங்கள்! எழுதப் படிக்கத் தெரிந்தோர் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த சமுதாயம் அது. அங்கே பெயர்ப் பட்டியல் எழுதப்படுகிறது. அதே பாடத்தில் மற்றொரு ஹதீஸ்: ஒரு தோழர் வந்து, தம் பெயர் இன்ன படையில் எழுதப்பட்டிருக்கிறது என்றும், தம் மனைவியோ ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்றும் முறையிடுகிறார். மனைவியுடன் ஹஜ்ஜுக்குச் செல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதியளிக்கிறார்கள். பெயர் எழுதப்பட்டு விட்டால் ஒரு கடமை தோளில் ஏறிவிடுகிறது; அதிலிருந்து விலகுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் 'தீவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, மக்களின் பெயர்களை வரிசைப்படி எழுதச் செய்து, அரசின் உதவித் தொகைகளை வழங்கியதும் நீங்கள் வரலாற்றில் படித்திருப்பதுதான்.

நம் ஊர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கென்று தலைக்கட்டுப் பட்டியல் இருக்கிறது. நிக்காஹ் வைப்பதென்றால் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். மகன் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனதும், "இவனையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று தகப்பனார் முத்தவல்லியிடம் போய் நிற்கிறார். ஜமாஅத்துப் பட்டியலில் பெயர் விட்டுப் போனால் அதைக் கௌரவக் குறைவாகக் கருதும் நாம், நாட்டின் பட்டியலில் பெயரில்லாமல் இருப்பதை ஒரு குறையாகவே நினைப்பதில்லை. இது என்ன நியாயம்?

வாக்கு என்பது என்ன?

வாக்கு என்பது ஒரு சீட்டோ, ஒரு பொத்தானோ மட்டுமன்று. பாகிஸ்தானின் பெரும் முஃப்தியாகத் திகழ்ந்து 1976-ல் மறைந்த மௌலானா முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் தமது 'மஆரிஃபுல் குர்ஆன்' தஃப்ஸீரில் இதை அழகாக விளக்கியிருக்கிறார்கள். நீதிக்குச் சாட்சி பகர்வோராக இருக்கும்படி ஏவும் அல்மாயிதா அத்தியாயத்தின் 8-வது வசனத்துக்கு விளக்கம் எழுதும் இடத்தில், நீதிமன்றத்தில் நின்று சொல்வது மட்டும் சாட்சியமல்ல. மாணவனின் விடைத்தாளுக்கு ஆசிரியர் இடும் மதிப்பெண்ணும் சாட்சியம், தேர்ச்சி பெற்றவனுக்குத் தரும் சான்றிதழும் சாட்சியம், தேர்தலில் ஒருவருக்கு அளிக்கும் வாக்கும் சாட்சியம் என்று அவர்கள் விவரிக்கிறார்கள்.

மாணவர்களே! உங்களுக்கு உரிய மதிப்பெண்ணை ஆசிரியர் தராவிட்டால் எவ்வளவு கொதிக்கிறீர்கள்? பொய்யான சாட்சியம் அவர் கையெழுத்தால் வெளிப்பட்டு விட்டது என்றுதானே அந்தக் கொதிப்பு? அதே தராசில் உங்கள் வாக்கையும் வைத்துப் பாருங்கள். இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நீங்கள் பகரும் சாட்சியம் அது.

அந்த மேதை, வாக்குக்கு மூன்று நிலைகள் உண்டென்கிறார்கள். ஒன்று ஷஹாதத், அதாவது சாட்சியம். இரண்டாவது ஷஃபாஅத், அதாவது பரிந்துரை. நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு, தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் தீமையில் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயம் 85-வது வசனம் அறிவிக்கிறது. மூன்றாவது வகாலத், அதாவது நம் சார்பில் ஒருவரை நியமித்தல். இந்த நியமனம் நம் ஒருவருக்காக மட்டும் அல்ல. ஊராருக்கும் நாட்டாருக்கும் சேர்த்து நாம் செய்யும் நியமனம். ஆகையால் பிழையானவரை நியமித்தால் அத்தனை பேருடைய ஹக்கும் நம் தலையில் விழுகிறது.

இனி, சாட்சியத்தின் சட்டம் என்ன? சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கக் கூடாதென்று அல்பகரா அத்தியாயம் 282-வது வசனம் கட்டளையிடுகிறது. சாட்சியத்தை மறைக்க வேண்டாமென்றும், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறதென்றும் அடுத்த வசனம் எச்சரிக்கிறது. உறுப்புகளில் கையோ நாவோ பாவம் செய்ததென்று சொல்லாமல், உள்ளத்தையே குறிப்பிட்டிருப்பதை ஊன்றிக் கவனியுங்கள். வாய் திறக்காமல் வீட்டில் இருந்து விட்டதால் நாம் பாவத்திலிருந்து தப்பிவிட்டோம் என்று எவரும் நிம்மதி கொள்ள முடியாது.

வாக்களிப்பதே ஆகாது என்று கருதுவோரும் சமுதாயத்தில் உண்டு என்பதை நாம் அறியாமலில்லை. ஆனால் இந்நாட்டு உலமாப் பெருமக்களில் பெரும்பாலோர், இதை அனுமதிக்கப்பட்டதென்று மட்டுமல்லாமல் அவசியமானதென்றும் வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். நாமும் அந்தப் பெருமக்களின் வழியில் நின்றே பேசுகிறோம்.

பட்டியலில் பெயரில்லாத சாட்சி

இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியமான கருத்து இருக்கிறது. தேர்தல் நாளன்று வாக்களிக்காமல் இருப்பவர், சாட்சியத்தை மறைக்கிறார். பெயரே பதியாதவரோ, அந்தச் சாட்சியத்தைப் பிறக்கவே விடாமல் செய்து விடுகிறார். தேர்தல் நாளன்று எவ்வளவு உணர்ச்சி பொங்கினாலும் பயனில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, பட்டியலில் பெயரில்லாதவர் வாக்களிக்க முடியாது. புகைப்பட அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தாலும் சரி, பெயர் பட்டியலில் இல்லையென்றால் திரும்பி வர வேண்டியதுதான். வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின்னர் பெயர் சேர்க்கவும் சட்டத்தில் இடமில்லை. ஒளுச் செய்யாதவன் ஜமாஅத்து நிற்கும்போது ஓடி வந்து ஸஃப்பில் சேர முடியுமா? தேர்தலுக்குப் பெயர்ப் பதிவு அப்படித்தான்.

பெயரின் அருமையை விளக்க நம் நாட்டின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் சொல்லியாக வேண்டுமென்றார் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சொல்லாதவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அப்படி நீங்கியவை சுமார் 28 இலட்சம்! உயிரோடு இருந்தார்கள், குடிமக்களாக இருந்தார்கள், வயதும் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. ஆகவே அவர்களின் சாட்சியம் இல்லாமலே ஆட்சி அமைந்தது.

அண்மைக் காலத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த பெயர்களில் சுமார் 97 இலட்சம் இடம் பெறவில்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இரண்டு இடங்களில் பதிந்தோர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. காரணம் எதுவாயினும் பாடம் ஒன்றுதான்: ஒரு முறை ஏறிய பெயர் ஆயுள் முழுதும் தானாகவே நிலைத்திருக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களே, வீடு தேடி வரும் அலுவலரின் கண்ணில் முதலில் படாமல் போகிறவர்கள் என்பதை மறந்து விடாதீர்கள்.

பதினான்கில் திரும்பியவர், பதினைந்தில் வந்தவர்

இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் வாலிபப் பருவத்தைப் பற்றிச் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. உஹதுப் போரின்போது பதினான்கு வயதில் நாயகம் (ஸல்) அவர்கள் முன் நிறுத்தப்பட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை. அகழ்ப் போரின்போது பதினைந்து வயதில் மீண்டும் நிறுத்தப்பட்டார்கள், அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் கேட்டதும், சிறுவருக்கும் பெரியவருக்கும் இடைப்பட்ட எல்லை இதுவேயென்று தம் அதிகாரிகளுக்கு எழுதியனுப்பினார்கள்.

நாம் இங்கே போரைப் பற்றிப் பேசவில்லை. பொறுப்பைப் பற்றிப் பேசுகிறோம். வயது வரவில்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை, வயது வந்ததும் தாமதிக்கவில்லை. நமது வாலிபர்களின் நிலையோ தலைகீழாக இருக்கிறது. வயது வந்து இரண்டாண்டு, மூன்றாண்டு கழிந்தும் இன்னும் பெயர் எழுதாதவர்கள் எத்தனை பேர்!

உங்கள் தாத்தாமார் கல்லூரியில் படித்த காலத்தில் வாக்களிக்கும் வயது 21. படித்து முடித்துப் பட்டம் வாங்கிய பின்னர்தான் பலருக்கு அந்த உரிமை வந்தது. அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தத்தால் 1989 மார்ச்சில் அது 18 ஆகக் குறைந்தது. மாணவப் பருவத்தினரின் அறிவையும் நேர்மையையும் நம்பி இந்த நாடு அளித்த அமானிதம் அது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அல்லாஹ் ஏவுகிறான் என்று அந்நிஸா அத்தியாயம் 58-வது வசனம் கூறுகிறது. வாக்கு உங்களிடம் உள்ள அமானிதம். தகுதியானவரே அதற்கு உரியவர்.

மாணவர்கள் சொல்லும் மூன்று பதில்கள்

வாலிபர்களிடம் இதுபற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மூன்று பதில்களைக் கேட்டு வருகிறோம்.

முதலாவது: "நான் ஒருவன் போடாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?"

2008-ல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்வாரா தொகுதியில் ஒருவர் 62,216 வாக்குகள் பெற்று வென்றார். தோற்றவர் பெற்றது 62,215. ஒரேயொரு வாக்கு! தொலைவிலுள்ள ஊர் என்பீர்களா? 2016-ல் நம் திருநெல்வேலிச் சீமையின் இராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்குகளே. 2021-ல் சென்னை தியாகராய நகர்த் தொகுதியில் 137. ஒரு கல்லூரி விடுதியின் ஒரு மாடியில் தங்கியிருப்போரின் எண்ணிக்கைதான் இது. அதுவுமின்றி, சாட்சி சொல்பவர் தம் ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு வெல்லுமா என்று கணக்குப் பார்ப்பதில்லை. அறிந்ததைச் சொல்வது அவர் கடமை; முடிவு அல்லாஹ்வின் கையில்.

இரண்டாவது: "எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். யாருக்குப் போடுவது?"

இரண்டு தீங்குகள் எதிர்ப்பட்டு, இரண்டையும் தவிர்க்க வழியில்லையென்றால் இலேசான தீங்கைப் பொறுத்துக் கொண்டு பெரியதைத் தடுக்க வேண்டுமென்பது ஃபுகஹாக்கள் வகுத்த அடிப்படை விதி. எல்லோரும் சமம் என்று சொல்வது, ஆராயச் சோம்பல் கொண்டவர்களின் வார்த்தை. வேட்பாளரின் சொத்து விவரமும், அவர் மீதுள்ள வழக்குகளும் உறுதிமொழிப் பத்திரமாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு செலவிட்டால் போதும், நல்லவரையும் அல்லாதவரையும் ஓரளவு பிரித்தறியலாம். அதன் பின்னரும் எவர் மீதும் மனம் நிலைகொள்ளவில்லையென்றால், "மேற்கண்ட எவருக்கும் இல்லை" என்று பதிவு செய்யும் வழியும் 2013 முதல் இருக்கிறது. அதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும்!

மூன்றாவது: "நமக்கு ஏன் ஹஜ்ரத் இந்த துன்யாவுடைய வேலை? தீன் இருந்தால் போதும்."

பக்தியால் சொல்லப்படும் வார்த்தையாகையால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். யூஸுஃப் (அலை) அவர்கள் எங்கே இருந்தார்கள்? தம் மார்க்கத்தை ஏற்காத மக்கள் நிறைந்த மிஸ்ரு தேசத்தில். வரவிருந்த பஞ்சத்திலிருந்து அந்த மக்களைக் காக்க, களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அரசரிடம் அவர்களே கேட்டார்கள். அந்தத் தானியம் எந்த மார்க்கத்தார் வயிற்றை நிரப்பும் என்று அவர்கள் பார்க்கவில்லை.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாலிபப் பருவத்தைப் பாருங்கள். அப்போது வயது இருபதையொட்டி; இன்றைய கணக்கில் கல்லூரி மாணவரின் வயது. யமன் நாட்டின் ஸபீத் பகுதி வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக் கொண்டு, மக்காவின் பிரமுகன் ஆஸ் பின் வாயில் பணம் தர மறுத்தான். ஆதரவற்ற அந்த மனிதர் அபூகுபைஸ் மலை மீதேறி முறையிட்டார். குறைஷிகளில் சில குடும்பத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்குள்ளானவர் உள்ளூரார் ஆனாலும் வெளியூரார் ஆனாலும் அவர் பக்கமே நிற்பதென்று உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். அதில் நாயகம் (ஸல்) அவர்களும் கலந்து கொண்டார்கள். நபித்துவம் அருளப்பட்ட பின்னரும் அதை மகிழ்ச்சியோடு நினைவு கூர்ந்து, அப்படியொரு அழைப்பு இஸ்லாத்தில் வந்தாலும் தாம் ஏற்பதாக அறிவித்தார்கள். நியாயத்துக்காகப் பிறரோடு சேர்ந்து தம் பெயரைக் கொடுப்பது வாலிபத்தின் சுன்னத்தான காரியம் என்று இதை வைத்துச் சொன்னால் மிகையாகுமா?

இன்னொரு செய்தி உங்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். உமர் (ரலி) அவர்கள் ஷஹீதான பின், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அறுவர் குழுவிடம் வந்தது. உஸ்மான் (ரலி), அலீ (ரலி) இருவரில் ஒருவர் என்ற கட்டம் வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மூன்று நாட்கள், இரவும் பகலும் அதிகம் உறங்காமல் மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். தலைவர்களிடம் மட்டுமல்ல, திரைக்குப் பின்னாலிருந்த பெண்களிடமும், மக்தபுகளில் ஓதிக் கொண்டிருந்த பிள்ளைகளிடமும், மதீனாவுக்கு வந்து போகும் பயணிகளிடமும் கேட்டதாக இமாம் இப்னு கதீர் (ரஹ்) அவர்கள் 'அல்பிதாயா வந்நிஹாயா'வில் எழுதுகிறார்கள். மாணவன் படிப்பை மட்டும் பார்க்கட்டும் என்று அந்த ஸஹாபி நினைக்கவில்லை. பாடசாலை வாசலுக்கே சென்று கேட்டார்கள். இன்று உங்களிடமும் கேட்கப்படுகிறது. உங்கள் பதில் என்ன?

உங்கள் படிப்பே ஒரு சட்டசபையின் முடிவுதான்

கல்லூரியில் நீங்கள் அமர்ந்திருக்கும் இருக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2007-ல் தமிழக முஸ்லிம்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. அதனால் மருத்துவம், பொறியியல் படித்து வெளிவந்தவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அது வானத்திலிருந்து இறங்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபை எடுத்த முடிவு. அதே போல், சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித் தொகை 2022-ல் நிறுத்தப்பட்டதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசின் முடிவே. கொடுப்பதும் நிறுத்துவதும் அங்கே முடிவாகிறது. அதைப் பற்றி விடுதி அறையில் இரவெல்லாம் பேசிவிட்டுப் பெயர் மட்டும் பதியாமல் இருப்பது, நோயைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டு மருந்தைக் குடிக்காமல் இருப்பதைப் போன்றதே.

ஆனால் ஒன்று. நம் சமுதாயத்தின் பங்கை வாங்குவதற்கு மட்டும் வாக்களிக்கிறோம் என்று எண்ணி விடாதீர்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி தூண்டிவிட வேண்டாமென்று அல்மாயிதாவின் அதே 8-வது வசனம் தடுக்கிறது. நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்கே சாட்சி பகர வேண்டுமென்று அந்நிஸா 135-வது வசனம் பணிக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரரின் குடமும் காலியாகத்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லையென்றால் எல்லாருடைய பிள்ளையும்தான் வாடுகிறது. நம் சாட்சியம் அனைவருக்கும் பயன்படும் சாட்சியமாக இருக்கட்டும். இன்ன கட்சிக்கு, இன்னாருக்கு என்று நாம் சொல்ல மாட்டோம். அது உங்கள் அறிவுக்கும் இறையச்சத்துக்கும் உரியது.

மாணவியருக்கு ஒரு வார்த்தை

வீட்டு ஆண்களின் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்காது. "கல்யாணம் முடிந்து போகிற வீட்டில் பதிந்து கொள்ளலாம்" என்று வாப்பா சொல்லி விடுகிறார். கல்யாணம் எப்போது, தேர்தல் எப்போது என்பதை அல்லாஹ்வே அறிவான். முகவரி மாறினால் பதிவை மாற்றிக் கொள்ள வழி இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும்?

அகபாவின் இரண்டாம் பைஅத்தில் எழுபத்து மூன்று ஆண்களோடு நுஸைபா (ரலி), அஸ்மா (ரலி) என்ற இரண்டு பெண்மணிகளும் உறுதிமொழி அளித்தார்கள். பெண்களிடம் பைஅத் வாங்குவதற்கென்றே அல்மும்தஹினா அத்தியாயத்தில் 12-வது வசனம் இறங்கியிருக்கிறது. கணவனோ தகப்பனோ அவர்களுக்குப் பதிலாகக் கைகொடுக்கவில்லை. புகைப்படம் வேண்டியிருக்கிறதே என்று தயங்குவோருக்கு ஒன்று கேட்போம். பரீட்சை நுழைவுச் சீட்டுக்கும், ஹஜ்ஜுக்குச் செல்லும் பாஸ்போர்ட்டுக்கும் புகைப்படம் கொடுக்கவில்லையா? வாக்குச் சாவடியில் பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. தேவைப்படும் இடத்தில் பெண் உதவியாளரைக் கொண்டு அடையாளம் பார்க்கவும் ஏற்பாடுண்டு.

பதிவது எப்படி?

18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். வாக்குச் சாவடி நிலை அலுவலரிடமோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, தேர்தல் ஆணையத்தின் இணைய தளத்திலோ கொடுக்கலாம். காசு எதுவும் இல்லை. புகைப்படம், பிறந்த தேதிக்கான சான்று, முகவரிக்கான சான்று வேண்டும். 1950 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்திப் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் வந்து விட்டன. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் இடமளிக்கப்பட்டது. ஆக, வயதைச் சாக்காகச் சொல்ல வழியில்லை.

விடுதியில் தங்கியிருப்போர், சொந்த ஊரிலும் பதியலாம். அரசோ பல்கலைக் கழகமோ அங்கீகரித்த, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருந்தால், கல்லூரி முதல்வரின் சான்றைப் பெற்று விடுதி இருக்கும் தொகுதியிலும் பதியலாம். அரபிக் கல்லூரி மாணவர்களுக்குச் சொந்த ஊரே சிக்கலில்லாத வழி. ஆனால் இரண்டில் ஓரிடம்தான்; இரண்டிலும் பதிவது சட்டப்படி குற்றம். பொய்யான விவரம் கொடுப்போருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெரும் பாவங்களைச் சொல்லி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியம் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். இனி நிறுத்திக் கொள்ளக் கூடாதா என்று தோழர்கள் ஏங்குமளவுக்கு எச்சரித்தார்கள். அந்தக் காட்சி நம் கண் முன் நிற்கட்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயரெழுத்து. பள்ளிச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', ரேஷன் அட்டையில் 'மொகமத்'. முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். முதல் முறை பதியும்போதே பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஒரே மாதிரியாக எழுதுங்கள். பிழை இருந்தால் படிவம் 8-ஐக் கொடுத்துத் திருத்துங்கள். முகவரி மாற்றத்துக்கும் அதே படிவம்தான். வெளிநாட்டில் படிக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6-ஏ வழியாகப் பதியலாம். பதிந்த பின் சும்மா இருந்து விடாமல், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

விற்பனைக்கல்ல

பெயர் பதிந்தவுடன் சோதனையும் வரும். 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல், பணம் விளையாடியதென்று ரத்துச் செய்யப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து நடந்தது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். மறுமையில் அல்லாஹ் பேசாத மூவரில் ஒருவர், உலக லாபத்துக்காகவே தலைவருக்கு பைஅத் செய்தவர். கிடைத்தால் உண்மையாக இருப்பார், கிடைக்காவிட்டால் இருக்க மாட்டார். இது புகாரியிலுள்ள ஹதீஸின் கருத்து. சாட்சியத்தை ஐந்நூறு ரூபாய்க்கு விற்பவர் எந்த வரிசையில் நிற்பார் என்பதைச் சிந்தியுங்கள். வீட்டில் பெரியவர்கள் வாங்க நேர்ந்தால், அதட்டாமல் அன்போடு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் படித்த பிள்ளைகளாகிய உங்களுடையதே.

பெரியவர்களுக்கு

முத்தவல்லிமார்களே! ஜமாஅத்து நிர்வாகிகளே! தலைக்கட்டுப் பட்டியலைக் கையில் எடுத்து, 18 நிறைந்த பிள்ளைகள் யார் யார் என்று ஒரு குறிப்பெடுங்கள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளி வராண்டாவில் ஒரு மேஜை போட்டு, எழுதத் தெரிந்த இரண்டு மாணவர்களை உட்கார வைத்தால் போதும். கண்ணியத்துக்குரிய இமாம் பெருமக்களே! ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்குங்கள். பெற்றோர்களே! பிள்ளைக்கு மொபைல் போனும் வண்டியும் வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே இந்தப் படிவத்தையும் கையில் கொடுங்கள்.

வாலிபர்களே! நம் செயல்களையெல்லாம் கண்ணியமிக்க எழுத்தாளர்களாகிய மலக்குகள் ஏட்டில் பதிந்து கொண்டிருக்கிறார்கள். அநீதி கண்டபோது இவன் சாட்சி சொல்ல முன்வந்தான் என்று அந்த ஏட்டில் எழுதப்பட வேண்டுமானால், இங்குள்ள ஏட்டில் முதலில் உங்கள் பெயர் எழுதப்படட்டும். இந்த வாரத்திலேயே எழுதுங்கள். நாளை என்பது ஷைத்தானின் தவணை.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களை உண்மைக்குச் சாட்சி பகர்வோராக ஆக்குவாயாக! அவர்களின் கல்வியிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வாயாக! எங்கள் நாட்டில் நீதியையும் அமைதியையும் நிலைக்கச் செய்து, எங்கள் மீது இரக்கமுள்ளோரை எங்களுக்குப் பொறுப்பாளர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.